அரசறிவியற் கல்வியும் அரசியற் களப்பயிற்சியும்: சில மறுப்புரைகள்

நோயாளியின் நாடியை ஒருநாளேனும் பிடித்துப் பாராத மாணவன் ஒருவன் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டான் என்றால், அவனிடம் நாம் சிகிச்சைக்குச் செல்வோமா? கொழும்பில் 1870ஆம் ஆண்டு மருத்துவக் கல்வி தொடங்கிய காலந்தொட்டு, அதன் மாணவர் விரிவுரை மண்டபத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் இடையே நடந்து நடந்தே மருத்துவத்தைக் கற்று வந்துள்ளனர். சட்டம் பயில்வோன் சட்டத்தரணி ஒருவரின்கீழ்ப் பயிலுநனாக இருந்த பின்னரே மன்றில் எழுந்து நிற்கின்றான். பொறியியல் மாணவனைத் தொழிற்சாலைக்கும், கல்வியியல் மாணவனை வகுப்பறைக்கும் நாம் அனுப்புகின்றோம். அரசறிவியல் பயிலும் மாணவனை மட்டும் நூலகத்துக்கு அப்பால் அனுப்பத் தயங்குகின்றோம். பாராளுமன்றக் குழுவொன்று எவ்வாறு கூடுகின்றது, மாநகரசபையின் வரவுசெலவுத் திட்டம் எவ்வாறு உருவாகின்றது, ஒரு குடிமகனின் மனு எந்த மேசையிலே தொடங்கி எந்த மேசையிலே உறங்கிப் போகின்றது என்பனவற்றைக் கண்ணாற் காணாமலே அவன் சிறப்புப் பட்டதாரியாக வெளியேறலாம். வெளியேறிக்கொண்டும் இருக்கின்றான்.

அண்மைக் காலத்தில் சில கற்கைநெறிகளில் 'உள்ளகப் பயிற்சி' என்பது ஒரு பாட அலகாக இடம்பெறத் தொடங்கியுள்ளது. இதனைச் சிலர் ஐயத்துடனும் சிலர் அளவிறந்த ஆர்வத்துடனும் நோக்குகின்றனர். இவ்விரு சாராரும் ஒரே தவறையே இருவேறு வழிகளிற் செய்கின்றனர் என்பது எனது கருத்து. முன்னவர் நூலையும், பின்னவர் அனுபவத்தையும் தனித்தே போதுமெனக் கருதுகின்றனர். ஒன்றையொன்று திருத்தும் வகையில் இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தாலன்றி இரண்டும் வீண் என்பதையே இக்கட்டுரை வலியுறுத்த முனைகின்றது. கொழும்பிலே தமிழ்மொழிமூலம் பயிலும் மாணவருக்கு இது பாடத்திட்டம் பற்றிய சிறு பிரச்சினையன்று, அதற்கும் அப்பாற்பட்டது.

சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்க வாசகர் அனுமதிப்பாராக.

2018ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னர் அமைந்த உள்ளூராட்சிச் சபைகளின் காலம் அது. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையின் கோடியிலே அறையொன்றை வாடகைக்கு எடுத்துப் படித்துக்கொண்டிருந்த நான், விடுமுறைக் காலத்தின் மூன்று மாதங்களைக் கொட்டாஞ்சேனையில் மக்கள் பிரதிநிதி ஒருவரின் அலுவலகத்திற் கழித்தேன். எவரும் என்னை அனுப்பவில்லை. நண்பர் ஒருவரின் அறிமுகத்தாற் போனேன். அதற்கு முந்திய தவணையிலேதான், 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் வரையான அரசகரும மொழிக் கொள்கை பற்றிப் பதினாறு பக்கக் கட்டுரை எழுதி, வகுப்பில் உயர்ந்த புள்ளியும் பெற்றிருந்தேன். இரண்டாவது வாரத்தில், தோட்டமொன்றில் வசிக்கும் முதிய பெண்மணி ஒருவர் கடித உறையொன்றை என்முன் நீட்டினார். (கொழும்பில் 'தோட்டம்' என்றால் தேயிலையும் அன்று, பூஞ்செடியும் அன்று, ஒரே குழாயடியைச் சுற்றி நெருங்கி நிற்கும் வீட்டு வரிசைகள் என்பதை வெளியூர் வாசகருக்காகச் சொல்லி வைக்கின்றேன்.) "தம்பி, படிச்ச பிள்ளைதானே, இதில என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

கடிதம் ஓர் அரச அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. முழுவதும் சிங்களத்தில் இருந்தது. என்னால் அதை வாசிக்க முடியவில்லை. அலுவலகத்திலே தேநீர் கொண்டுவரும் பையன் அதை வாங்கி, ஒரு நிமிடத்தில் வாசித்து, நிலுவைப் பணம் பற்றிய அறிவித்தல் என்று சொல்லிவிட்டான். மொழிக் கொள்கையின் வரலாற்றைப் பதினாறு பக்கங்களில் எழுதிய நான் வாய்மூடி நின்றேன்.

இக்கதை இத்துடன் முடிந்திருந்தால், 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்போரின் கட்சிக்கே அது சாட்சியாகியிருக்கும். ஆனால் முடியவில்லை. அந்த அலுவலகத்தின் செயலாளர் இருபது ஆண்டு அனுபவமுள்ளவர். நகரத்தின் எந்த அலுவலகத்தில், எந்த மாடியில், எந்த எழுதுவினைஞரிடம் எந்த அலுவலைப் பேசவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். எனினும், அக்கடிதம் தமிழில் வந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும், அரச அலுவலரிடமிருந்து தமிழிற் கடிதம் பெறவும் அவருடன் தமிழில் அலுவலாற்றவும் ஒருவர் உரித்துடையவர் என்பதை, 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. செயலாளருக்கு மேசை தெரியும், உறுப்புரை தெரியாது. எனக்கு உறுப்புரை தெரியும், மேசை தெரியாது. இருவருமாகச் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். ஐந்து வாரங்களின் பின் தமிழிற் பதில் வந்தது. நிலுவை உண்மையானதே. அம்மையார் அதைத் தவணை முறையிற் செலுத்த ஒழுங்கு செய்துகொண்டார். பெரிய வெற்றி என்று இதைச் சொல்ல வரவில்லை. கடன் கடனாகவே இருந்தது. அது என்ன கடன் என்பது மட்டும் அவருக்கு அவரது மொழியில் தெரியவந்தது.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியபின் எனது கட்டுரையை மீண்டும் வாசித்துப் பார்த்தேன். அதில் ஒரு வரியும் பிழையில்லை. ஆயினும் சட்டம் ஏன் நடைமுறையாவதில்லை என்ற வினா அதில் எங்குமே எழுப்பப்படவில்லை. எழுப்பியிருந்தாலும் 'அரசியல் விருப்பின்மை' என்ற ஒரே தொடரால் அதை மூடியிருப்பேன். அத்தொடர் பொய்யன்று. ஆனால் தமிழ் அறிந்த தட்டச்சாளர் இல்லாமை, சிங்களத்தில் மட்டும் அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடக்கும் படிவங்கள், கேட்பார் எவருமில்லாமையால் வந்த அலட்சியம் ஆகியவற்றையெல்லாம் ஒரே போர்வையால் மூடிவிடும் தொடர் அது. களத்திலே நின்றவனுக்கு இவை வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு மருந்து வேண்டுபவை என்பது தெரியும். உறுப்புரையைப் படியாது களத்திலே நின்றவனுக்கோ இவை நோய்கள் என்பதே தெரியாது. உலக வழக்கம் என்று எண்ணி இருந்துவிடுவான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

'பல்கலைக்கழகத்துக்குள் அரசியல் நுழையலாகாது' என்பது முதலாவது. இதைச் சொல்வோர் எந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசுகின்றனர் என்று எனக்கு விளங்குவதில்லை. 1987க்கும் 1990க்கும் இடையே தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக் கிடந்தமை அரசியலாலன்றி வேறெதனால்? அக்கிளர்ச்சியின் காரணங்களை ஆராயச் சனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, இளைஞர் அமைதியின்மை பற்றிய அதன் அறிக்கை 1990இல் வெளிவந்தது. அதே ஆண்டில் உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளர் பட்டியல்களில் நாற்பது வீதம் இளைஞருக்கு ஒதுக்கப்படவேண்டும் எனச் சட்டம் திருத்தப்பட்டது. பட்டியலில் இடம் கொடுத்தார்கள்; சபைக்குள் சென்று என்ன செய்வது என்று கற்பிக்க எவரும் முன்வரவில்லை. பின்னர் அவ்வொதுக்கீடும் கைவிடப்பட்டது. அரசியல் நம்முள் ஏற்கெனவே உள்ளது. பயிலப்பட்ட அரசியலா, பயிலப்படாத அரசியலா என்பதே நம்முன் உள்ள தெரிவு.

மேலும், இப்பாடத்தை இந்நாட்டில் நிறுவியோர் தாம் கற்பித்ததிலிருந்து ஒதுங்கி நின்றவர்களா? இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், டி. எஸ். சேனநாயக்கவுக்கு அரசியலமைப்பு ஆலோசகராக இருந்தவர். பேராதனையில் அரசறிவியற் பேராசிரியராயிருந்த ஏ. ஜே. வில்சன், 1978 தொடக்கம் 1983 வரை ஜே. ஆர். ஜயவர்த்தனவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையே தூது சென்றவர். அவர்கள் செய்தவற்றின் விளைவு பற்றி நமக்குக் கடுமையான விமர்சனங்கள் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் ஆசிரியருக்கு ஆகுமென்றது மாணவருக்கு ஆகாது என்பது எந்த நியாயம்?

இன்னும் பின்னோக்கினால் பொன்னம்பலம் அருணாசலம் நிற்கின்றார். 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவையிற் புகுந்து, 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர். நாட்டை வீடுவீடாக எண்ணிக் கற்றவர் எனலாம். அவரே 1906இல் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 1915இல் கொழும்பின் வறியவரிடையே பணிபுரியச் சமூக சேவைக் கழகத்தை அமைத்தார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். அவருக்குப் பல்கலைக்கழகமும் சேரியும் சபையும் மூன்று தனித் துறைகள் அல்ல. அந்த இயக்கத்தின் பேறாகப் பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பிலே திறக்கப்பட்ட ஆண்டு 1921. அரசாங்கக் கணக்குகளை ஆராயும் குழு சட்டவாக்க சபையில் அமைக்கப்பட்டதும் அதே 1921இல்தான். கற்கும் நிறுவனமும் கணக்குக் கேட்கும் நிறுவனமும் ஒரே நகரில் ஒரே ஆண்டிற் பிறந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஒன்றின் மாணவர் மற்றதன் அறையில் அமர்ந்து கற்கும் வழக்கம் இன்றும் வேரூன்றவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு மாணவ இயக்கங்களிடமிருந்து வருகின்றது. பயிற்சிக்குச் செல்பவன் அதிகாரத்தின் ஏவலாளனாகிவிடுவான்; அரசியலைத் தெருவிலே கற்க வேண்டுமேயன்றிப் பிரதிநிதியின் அலுவலகத்தில் அன்று என்பது அவர்களது வாதம். 2022இல் காலிமுகத்திடலைக் கண்டவர்கள் தெருவின் ஆற்றலைக் குறைத்துப் பேசமாட்டார்கள். ஆனால் கூடாரங்கள் அகற்றப்பட்ட பின்னர், முழக்கம் எவ்வாறு சட்டமூலமாகின்றது, சட்டமூலம் எந்தக் குழுவிலே மாற்றமடைகின்றது என்பதைத் தொடர்ந்து கவனிக்க எத்தனை பேர் எஞ்சினர்?

நமது வரலாற்றிலே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. அதைச் சொன்னாற் சிலருக்குச் சினம் வரும். எனினும் சொல்ல வேண்டியுள்ளது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம், தமிழ் மாணவர் அரசியலின் மிக உன்னதமான அத்தியாயம் என்பதில் ஐயமில்லை. ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் சாதி வேற்றுமையை எதிர்த்தனர். தாய்மொழிக் கல்வியைக் கோரினர். 1927இல் காந்தியடிகளை வரவழைத்தனர். டொனமூர்த் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று கூறி 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்ததும் அவர்களே. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாயின. கொள்கையளவில் அவர்கள் கூறியதை மறுப்பது எளிதன்று. ஆனால் டொனமூர்த் திட்டத்தின் உயிர் அதன் ஏழு நிருவாகக் குழுக்களிலேயே இருந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளூராட்சி, விவசாயம் என ஆட்சியின் பெரும்பகுதியை உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து நடத்தக் கற்ற முதல் மூன்றாண்டுகளில், அந்த மேசைகளில் வடக்கு அமரவில்லை. அதே காலத்தில், கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதி வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்துவைத் தெரிந்தது. அவர் பதவியிழந்தபோது 1932இல் அவரது துணைவியார் நேசம் சரவணமுத்துவைத் தெரிந்தது. 1937இல் கொழும்பு மாநகரசபையின் தெரிவுசெய்யப்பட்ட முதல் முதல்வராக வந்தவரும் அதே சரவணமுத்துவே. மேடையைக் கற்றோம், வழக்கு மன்றத்தையும் கற்றோம். குழு அறையை மட்டும் போதிய அளவு கற்கவில்லை என்று நம் அரசியல் மரபைப் பற்றிச் சொன்னால் அது மிகையாகாது.

மூன்றாவது எதிர்ப்பு மாணவரிடமிருந்தோ ஆசிரியரிடமிருந்தோ வருவதன்று. வெள்ளவத்தையின் வீடுகளிலே, இரவுச் சாப்பாட்டின்போது, தாழ்ந்த குரலிற் சொல்லப்படுவது: "உனக்கேன் பிள்ளை இந்த அரசியல்?" இதை நான் எள்ளமாட்டேன். 1983 ஜூலையில் அந்தத் தெருக்களில் என்ன நடந்தது என்பதை அறிந்த வாய்கள் சொல்வது அது. 1999 ஜூலை 29இல், சட்ட அறிஞரும் பாராளுமன்ற உறுப்பினருமான நீலன் திருச்செல்வம் கொழும்பிலே தற்கொலைக் குண்டுதாரியாற் கொல்லப்பட்டார். படிப்பையும் அரசியலையும் இணைத்த ஒருவருக்கு நேர்ந்த முடிவு அது. 2007 ஜூன் 7ஆம் நாள் விடியற்காலையில், கொழும்பின் விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தடையைப் பெற்றுத் தந்தது, எந்த மன்றிலே, எந்த உறுப்புரையின்கீழ், எத்தனை மணித்தியாலங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று அறிந்திருந்த சிலரின் பயிற்சியே. பெற்றோர் அஞ்சுவது கட்சி அரசியலை. நான் கேட்பது, பல்கலைக்கழகத்தின் கடிதத்துடன், மேற்பார்வையாளரின் கையொப்பத்துடன், பகல் வெளிச்சத்தில் நடக்கும் ஒரு கற்றலை.

ஆர்வமிகுந்தோரையும் சற்றுக் கவனிப்போம். இன்று நடைமுறையிலுள்ள பயிற்சிகள் பல, பயிற்சி என்ற பெயருக்குத் தகுதியற்றவை. நிழற்படி எடுத்தல், கூட்டத்துக்குக் கதிரை அடுக்குதல், தேர்தல் காலமாயின் சுவரொட்டி. இறுதியில் அழகிய சான்றிதழ். வேறு சில கொழும்பு ஏழின் குளிரூட்டிய அறைகளில் ஆங்கில அறிக்கைகளுக்கு அடிக்குறிப்புச் சரிபார்க்கும் பயிற்சிகள். அவற்றிலே பயன் இல்லையென்று சொல்லேன்; ஆனால் கொட்டாஞ்சேனைக் குழாயடி அங்கிருந்து தெரியாது. இன்னொரு கொடுமை, ஊதியமின்மை. விடுமுறையில் மூன்று மாதம் சம்பளமின்றிக் கொழும்பிலே தங்குவதற்கு எவரால் இயலும்? வெள்ளவத்தையிலே சொந்த மாடிவீடு உள்ளவரின் பிள்ளையால் இயலும். மகாபொலப் புலமைப்பரிசிலை நம்பி மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வந்த மாணவி அறை வாடகைக்கு என்ன செய்வாள்? உதவுபணம் இல்லாத பயிற்சித் திட்டம், வாய்ப்புள்ளவனுக்கே மேலும் வாய்ப்பளிக்கும் திட்டமாகும். ஐக்கிய அமெரிக்காவில் அரசறிவியற் சங்கம் 1953 முதல் நடத்திவரும் காங்கிரஸ் புலமைத் திட்டமாயினும், புதுதில்லியில் 2010இல் தொடங்கிய பாராளுமன்ற உறுப்பினருக்கான உதவியாளர் திட்டமாயினும், தமிழ்நாட்டிலே 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமாயினும், பங்குபற்றுவோருக்கு உதவுதொகை வழங்கியே நடக்கின்றன.

பணம் எங்கே என்று கேட்பவர்க்கு ஒன்று கூறுவேன். இந்நாட்டு அரசு ஏற்கெனவே மாபெரும் பயிற்சித் திட்டமொன்றை நடத்தி வந்துள்ளது. வேலையற்ற பட்டதாரிகள் ஐம்பதினாயிரம் பேரைப் பயிலுநராகச் சேர்ப்பதாக 2020இல் அறிவிக்கப்பட்டதை நினைவுகூர்க. அவர்களுட் பலர் பிரதேச செயலகங்களிலே கதிரையும் இன்றி, கடமையும் இன்றி, வரவு இடாப்பில் ஒப்பமிட்டுக் காத்திருந்ததை நாம் அறிவோம். படிப்பு முடிந்தபின், படிப்போடு எத்தொடர்பும் இன்றி, ஆண்டுக்கணக்கில் வழங்கப்பட்ட பயிற்சி அது. அதன் மிகச் சிறு பகுதியைப் படிக்கும் காலத்திலேயே, மேற்பார்வையுடன், ஒரு தவணைக்குச் செலவிட்டால் என்ன குறைந்துவிடும்?

எத்தகைய பயிற்சி என்பதையும் வரையறுக்க வேண்டும். மாணவர் எங்கே செல்வது என்பதைத் திணைக்களம் தீர்மானிக்க வேண்டும். மாமாவின் சிபாரிசு தீர்மானிக்கலாகாது. ஆளுங்கட்சி உறுப்பினரிடம் ஒருவர் சென்றால் எதிர்க்கட்சி உறுப்பினரிடம் ஒருவர் செல்ல வேண்டும். தேர்தல் அறிவித்த நாளன்று எல்லோரும் திரும்பிவிட வேண்டும். செல்லுமுன் 1947ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தையும், சபையின் சென்ற ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தையும் படித்திருத்தல் அவசியம். சென்றபின் நாட்குறிப்பு. திரும்பியபின், கண்டதற்கும் படித்ததற்கும் முரண் எழுந்த ஓரிடத்தைப் பற்றி ஆய்வேடு. அடிப்படைச் சிங்களமும் இதனோடு சேர வேண்டும். இதைச் சொல்வதால் தமிழுக்குத் துரோகம் செய்வதாக எவரும் எண்ண வேண்டாம். தமிழிற் கடிதம் அனுப்பு என்று வற்புறுத்தவும், வந்த சிங்களக் கடிதத்தை முதலில் வாசிக்க வேண்டியுள்ளது என்பதை நான் பட்டறிந்தவன்.

ஆய்வுக்குப் பொருள் இல்லை என்ற கவலையும் வேண்டாம். கொட்டாஞ்சேனையின் அருகே புளூமெண்டல் குப்பைமேடு பல்லாண்டுகள் மலையாய் நின்றது. அது மூடப்பட்டபின் நகரின் குப்பை மீதொட்டமுல்லைக்குச் சென்றது. 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளன்று, அம்மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு வட்டாரத்தின் தொல்லை இன்னொரு வட்டாரத்தின் மரணமாக மாறியதற்குப் பின்னால் எத்தனை தீர்மானங்கள், எத்தனை கேள்விப் பத்திரங்கள், எத்தனை நீதிமன்றக் கட்டளைகள் இருந்திருக்கும்! 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்தக் கோப்புகளைக் கேட்கும் உரிமையை நமக்குத் தந்துள்ளது. எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் உள்ளே சென்று கற்கவேண்டியுள்ளது. சோலைவரி மதிப்பீடு, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மாடிக்குமேல் மாடி எழும்போதும் அதே பழைய அளவில் கிடக்கும் வடிகான்கள், ஆண்டுகளாக இங்கே வாழ்ந்தும் வாக்காளர் இடாப்பில் ஊர் முகவரியோடு இருப்போர் என ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

2025 மே 6இல் நடந்த தேர்தலின் பின் கொழும்பு மாநகரசபை மீண்டும் இயங்குகின்றது. நமது கலைப்பீடத்திலிருந்து நகர மண்டபத்துக்கு விகாரமகாதேவிப் பூங்காவின் ஓரமாக நடந்தால் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. முதலாண்டில் அறுவர் போதும். மூவர் கொட்டாஞ்சேனை வட்டாரங்களுக்கு, மூவர் வெள்ளவத்தைக்கு. பீடச்சபைக்கு இது குறித்து விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்துள்ளேன். கையொப்பமிட விரும்பும் மாணவரும் விரிவுரையாளரும் சங்கத்தின் செயலாளரிடம் அதைப் பெறலாம். அந்த அம்மையாருக்கு வந்த சிங்களக் கடிதத்தின் நிழற்படியும், பின்னர் வந்த தமிழ்ப் பதிலின் நிழற்படியும், பெயர் மறைக்கப்பட்டு, அதனுடன் இணைக்கப்பட்டுள்ளன.